இடத்து மாடும் வலத்து மாடும்

ஒரு ஜோடி மாட்டை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று மாட்டைத் திட்டியவன் திண்டிவனத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் நான் ஒருவன்தான். அதையும் மறைவாகச் செய்யவில்லை. மைக் கட்டி, மேளம் அடித்து, பாதி ஊர் ஏரிக்கரையில் கூடியிருக்கும்போது, புது சஃபாரி சட்டை போட்டுக்கொண்டு செய்தேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலில் வருவேன், பொழுது சாய்ந்ததும் பஸ்ஸில் போவேன். ஸ்டுடியோ மாடியில். படிக்கட்டு அவ்வளவு செங்குத்து, ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவார்கள். அந்தக் காலத்துத் திண்டிவனத்துக்காரர்கள் பாஸ்போர்ட் சைஸ் படத்தில் எல்லாம் வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருக்கிறார்களே, அது பரம்பரைக் கோளாறு இல்லை. என் படிக்கட்டு.

பொங்கல் முடிந்த கையோடு அந்த ஊர் வண்டிக்காரர்கள் ஒரு போட்டி நடத்துவார்கள். பார வண்டிப் போட்டி. ஒரே ஒரு கட்டை வண்டி, அதில் மணல் மூட்டை. ஏரிக்கரையின் சரிவில் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகவேண்டும். எல்லா ஜோடியும் அதே வண்டியைத்தான் இழுக்கும். ஒரு சுற்று முடிந்ததும் மூட்டையைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முயற்சி செய்யலாம். மாட்டை அடிக்கக் கூடாது, தார்க்குச்சியால் குத்தக் கூடாது. நடுவில் நிற்கலாம். ஆனால் சக்கரம் ஒரு முழம் பின்னால் உருண்டாலும் அவுட்.

ஜெயித்தவருக்கு ஒரு பித்தளைக் குடம் கொடுப்பார்கள். அந்தக் குடத்துக்காக யாரும் வியர்வை சிந்தவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சீசன் தொடங்கினால் சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் மூட்டை ஏற்றிக்கொண்டு கமிட்டிக்கு வரும். ஊரில் மார்க்கெட் யார்டைக் கமிட்டி என்றுதான் சொல்லுவோம். அதன் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்று வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பார வண்டியில் ஜெயித்தவர் அந்த வருஷம் முழுக்க முதல் வண்டி. அவர் எப்போது வந்தாலும் மற்றவர்கள் ஒதுங்கி வழி விடவேண்டும். மற்றவர்கள் போட்டியில் எந்த இடமோ, வரிசையிலும் அந்த இடம். போட்டியிலேயே கலந்துகொள்ளாதவர்களுக்கு வால்.

போட்டியில் கலந்துகொள்ளவும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கடைக்காரர் உபயம் செய்யவேண்டும். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கொம்புக்கு பெயின்ட், முதுகுக்கு வெல்வெட் துணி, மாலை எல்லாம் அவர் செலவு. அதோடு, போட்டியன்று நுகத்தடியில் மாட்டைப் பூட்டுவதும் அவர்தான். தூக்கிப் பிடிக்க ஆள் உண்டு. ஆனால் மாட்டையும் கயிற்றையும் உபயக்காரர் கைதான் தொடவேண்டும். அப்படி அவர் பூட்டியதை வேறு யாரும் அவிழ்க்கவும் கூடாது. இதற்குப் பதிலாக அவர் கடையின் பெயரை மைக்கில் அன்றைக்கு முழுக்கச் சொல்லுவார்கள். டீக்கடை, உரக்கடை, சைக்கிள் கடை எல்லாம் வருஷா வருஷம் மைக்கில் வரும். என் ஸ்டுடியோவின் பெயர் வந்ததே இல்லை. யாரும் என்னைக் கேட்டதே இல்லை. மாடியில் இருப்பதால் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருஷம் மார்கழியில் ஓர் அம்மா படியேறி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சேலையை இழுத்துச் செருகியிருந்தார், கையில் ஒரு கயிற்றுச் சுருள். எல்லாரும் மூச்சு வாங்கும் படிக்கட்டில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"போட்டோ கடைக்காரரு நீங்கதானா?"

"ஆமாக்கா. பாஸ்போர்ட் சைஸா, பெரிய சைஸா?"

"சைசெல்லாம் வாணாம். மாட்டுக்கு உபயம் செய்வீங்களா மாட்டீங்களா, அத்த மட்டும் சொல்லுங்க. கீழ ஒரு கடை பாக்கியில்ல, கேட்டுட்டேன். எனுக்கு முன்னால வேற யாரோ கேட்டுட்டாங்களாம். மூணு வருசமா அந்த வேற யாரோ யாருன்னே தெர்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் செஞ்சி ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனிக்காரர். வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு பெங்களூர் போய்விட்டார். வண்டியும் மாடும் இந்த அம்மா பொறுப்பு. பெண்பிள்ளை வண்டி ஓட்டுவதை யாரும் தடுக்கவில்லை. காலனி வண்டிக்கு உபயம் செய்யத்தான் கடைத்தெருவில் யாருக்கும் மனம் வரவில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

"கடேசி வண்டி சார் நான். இருட்டனதுக்கு அப்பறந்தான் வூட்டுக்குப் போறேன். புள்ளைங்க ரெண்டும் பூட்டன கதவாண்ட குந்திக்கினு கீதுங்க. மொத வண்டின்னா உச்சிக்குள்ள எறக்கிட்டுத் திரும்பிடுவேன். பொழுதோட கஞ்சி காச்சலாம். அதான் எனுக்கு வேணும். வேற ஒரு ஆசயும் இல்ல."

"மாடு எப்படிக்கா இருக்கும்?"

"மாடு மாதிரிதான் கீது."

சரி என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் யாரும் கேட்காமல் மிச்சமிருந்த கடை என்னுடையது, யாரும் சேர்க்காமல் மிச்சமிருந்த ஜோடி அவருடையது. மைக்கில் என் பெயர் வரப்போகிறது என்ற நினைப்பில் அன்றைக்கு ஒரு கல்யாண போட்டோ செட்டை ஓவராகக் கழுவிக் கறுப்பாக்கினேன்.

விழுப்புரத்தில் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"மாட்டுக்கு உபயமா? மாடுன்னா ரோட்ட தாண்டி அந்தப் பக்கமா போவீங்களே?"

"இது பழகின மாடு."

"நீங்க பழகலையே."

மறுநாள் டீக்கடையில் மீசைக்காரர் பிடித்துக்கொண்டார். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த முதல் வண்டி அவருடையது. காங்கேயம் ஜோடி, யானைக்குட்டி மாதிரி இருக்கும்.

"இன்னா போட்டோ சார், காலனி வண்டிக்கு உபயமாமே? மாட்டுக்கு ஸ்மைல் ப்ளீஸ் சொல்லிக்கினு குந்தப்போறியா?"

"சொல்லுவேன் நைனா. உன் மாடு தோத்தா அதுக்கும் ஃப்ரீயா ஒரு படம் உண்டு. நீயும் பக்கத்துல நின்னுக்கலாம்."

டீக்கடை சிரித்தது. மீசைக்காரரும் சிரித்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்த அம்மா எனக்குப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். கமிட்டிக்குப் பின்னால் காலி இடத்தில், மாட்டைத் தானே கொண்டுவந்து நிறுத்துவார். நான் நுகத்தடியைக் கழுத்தில் வைத்து, கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடவேண்டும். ஒரு வாரத்தில் நன்றாகவே போட்டேன். ஒரு மாடு வெள்ளை. இன்னொன்று மயிலை, சாம்பல் நிறம். எது எந்தப் பக்கம் என்று நான் கவனிக்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. செருப்பில் இடது வலது உண்டு என்று வளர்ந்த ஆளுக்கு யாராவது சொல்லுவார்களா?

போட்டி நாள். ஏரியில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. சரிவு முழுக்கக் கூட்டம். விழுப்புரத்து டெய்லர் தைத்துக் கொடுத்த வெல்வெட்டில் ஸ்டுடியோவின் பெயர் ஜரிகையில் மின்னியது. அந்த அம்மா கையெழுத்துப் போட மேடைக்குப் போயிருந்தார். எங்கள் முறை நெருங்கியது. "உபயக்காரரு பூட்டலாம்" என்று மைக்கில் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. பூட்டுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், கடை வாசல் கண்ணாடியில் மாட்டிவைக்கலாம் என்று கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை மாடு வெயில் பக்கம் நிற்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெறும் காகிதமாக வரும். மயிலை நிழல் பக்கம். அது வெறும் இருட்டாக வரும். பதினைந்து வருஷமாக மாப்பிள்ளையை இந்தப் பக்கமும் பெண்ணை அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்தியவன் நான். யோசிக்கவே இல்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வெள்ளையை நிழலுக்கும் மயிலையை வெயிலுக்கும் கொண்டுபோனேன். மாடு இரண்டும் மறுக்காமல் வந்தன. கல்யாண வீட்டில் மாமியார்கள்கூட அவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்லை. வெளிச்சம் பிரமாதமாக அமைந்தது. ரோல் தீரும்வரை எடுத்தேன். அப்படியே நுகத்தடியை வைத்து, முடிச்சையும் போட்டேன். கூட்டம் கை தட்டியது. நான் கும்பிடு போட்டேன்.

அந்த அம்மா ஓடிவந்தார். வண்டியைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார்.

"அய்யய்யோ, இன்னா சார் பண்ணி வச்சிக்கிற! எடத்து மாட்ட வலத்துல கட்டிக்கிறியே!"

"அப்படின்னா?"

அவர் பதில் சொல்லுவதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. நான் பூட்டியதை அவர் அவிழ்க்கக் கூடாது. மேளம் தொடங்கினால் முயற்சியும் தொடங்கிவிட்டதாகக் கணக்கு, இழுத்துத்தான் ஆகவேண்டும்.

இடப்பக்கம் பழகின மாடு வாழ்நாள் முழுக்க இடப்பக்கம்தான் இழுக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளை தன் கூட்டாளியை வழக்கமான பக்கத்தில் தேடியது. அங்கே ஏரி இருந்தது. மயிலை வெளிப்பக்கமாகச் சாய, வெள்ளையும் வெளிப்பக்கமாகச் சாய, சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு திக்கைப் பார்த்து நின்றன. வண்டி அசையவில்லை. நான் பக்கத்தில் போய், "ஏய் போ! பருத்திக்கொட்ட தின்னல நீ?" என்று கத்தினேன். இரண்டும் என்னைத் திரும்பிப் பார்த்தன. அந்தப் பார்வையைப் பற்றி மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

மைக்கில் பேசிக்கொண்டிருந்த மைக்காரருக்குக் கொண்டாட்டம். "ஸ்டுடியோ ஜோடி சூப்பரா போஸ் குடுத்துக்கினு கீது! யாராவது க்ளிக் பண்ணுங்கப்பா, மாடு கை கால் மரத்துப்போவுது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் ஸ்டுடியோவின் பெயர் மைக்கில் வந்தது. ஆசைப்பட்டதைவிட நிறையத் தடவை வந்தது. அந்த அம்மா மட்டும் யாரையும் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இன்னும் ஒரே ஒரு முயற்சி. அதுவும் போனால் இன்னொரு வருஷம் வால்.

முதல் வண்டிக்காரர் என்ற முறையில் மேடையில் இருந்த மீசைக்காரர் சொன்னார்: "அவுத்து ஓரங்கட்டுங்கப்பா, ஜல்தி. அடுத்த ஜோடி வரட்டும்."

"எனுக்கு இன்னொரு தபா கீது" என்றார் அந்த அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மேடைக்குக் கேட்டது.

"கீது, யாரு இல்லன்னா? ஆனா மாத்திக் கட்டணும்னா உபயக்காரருதான் கட்டணும். வேற ஆளு கை வைக்கக் கூடாது. இன்னொரு தபா மேளம் அடிப்பாங்க, அது நிக்கறதுக்குள்ள கட்டணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார். மாட்டைக் கண்டால் ரோட்டைத் தாண்டிப் போகிற நான், மிரண்டுபோய் நிற்கிற இரண்டு மாட்டைத் தனியாக அவிழ்த்து, இடம் மாற்றி, திரும்பக் கட்டவேண்டும். கேமராவைக் கழற்றி அந்த அம்மா கையில் கொடுத்தேன். மேளம் தொடங்கியது.

முடிச்சு அவிழ மறுத்தது. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன். பல்லால் கடித்து அவிழ்த்தேன். வெள்ளை தலையை ஆட்டியதில் கொம்பு சஃபாரி பாக்கெட்டுக்குள் போய், பாக்கெட்டோடு வெளியே வந்தது.

"மயிலைய வுடு சார்! அது நிக்கும். மொதல்ல வெள்ளைய இஸ்து அந்தாண்ட வுடு!"

"எந்தாண்ட?"

"அந்தாண்ட! உன் அந்தாண்ட இல்ல, மாட்டோட அந்தாண்ட!"

சாணியில் கால் வைத்து வழுக்கி முழங்கால் போட்டு விழுந்தேன். மைக்காரர், "உபயக்காரரு சாமி கும்புடுறாரு, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்றார். வெள்ளையைச் சுற்றிக் கொண்டுவந்தேன். மயிலை தானாகவே நகர்ந்து தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. அதற்கு என்மேல் பரிதாபம் வந்திருக்கவேண்டும். நுகத்தடியைப் பிடித்திருந்த ஆட்கள் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். வைத்தேன். சுற்றினேன். முடிச்சு. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கடைசி முடிச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். மேளம் நின்றது.

கை தட்டலைக் கேட்டு நான் திரும்ப ஒரு கும்பிடு போடவில்லை என்றால் பொய். ஆனால் கை தட்டல் எனக்கு இல்லை. வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா வண்டியில் ஏறவில்லை. கத்தவில்லை. மாட்டுக்கு முன்னால் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கடைக்குப் போகிறவர் மாதிரி சரிவில் நடந்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் மட்டும் கொடுத்தார். ஜோடி பின்னாலேயே ஏறிப்போனது.

மூட்டை கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு சுற்றிலும் ஜோடிகள் கழன்றன. டீக்கடை ஜோடி பாதியில் நின்றது. சைக்கிள் கடை ஜோடி உருண்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் போய்ப் பூட்டினேன். கிழிந்த பாக்கெட்டோடு, முழங்காலில் சாணியோடு, இடம் வலம் தப்பாமல். மூன்றாவது சுற்றுக்கு மேல் மைக்காரர் கிண்டலை நிறுத்திவிட்டார். கடைசியில் மிச்சமிருந்தது மீசைக்காரரின் ஜோடியும் எங்கள் ஜோடியும்தான்.

முதலில் காங்கேயம். பார்க்கவே பயமாக இருந்தது, அத்தனை வேகம். ஒரே மூச்சில் முக்கால் சரிவு ஏறிவிட்டது. அங்கே மணல் இளகியிருந்தது. சக்கரம் புதைந்து நின்றது. மீசைக்காரர் கத்தினார், கை தட்டினார், வேண்டிக்கொண்டார். ஓடி இழுக்கப் பழகின மாடு, நின்ற இடத்திலிருந்து அந்தப் பாரத்தைக் கிளப்ப அதற்கு வரவில்லை. இரண்டாவது தடவையும் அதே இடம்.

எங்கள் ஜோடி வந்தது. மெதுவாக. அதே மணலில் அதே மாதிரி நின்றது. கூட்டம் 'ஊ' என்றது. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றார். மாடு இரண்டும் காலை ஊன்றிப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. சக்கரம் பின்னால் போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டன. கமிட்டி வாசலில் எப்படி நிற்குமோ அப்படி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீசைக்காரருக்கும் அந்த நேரத்தில்தான் புரிந்திருக்கும், முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாக அந்த ஜோடியை வாலில் நிறுத்திவைத்தது இந்த ஊர்க்காரர்கள்தான். வரிசை ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும். இன்னொரு வண்டி நீளம், நிற்கும். முழு பாரத்தோடு காலையிலிருந்து இருட்டும்வரை நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கிளம்பியே அந்த மாடுகளுக்குப் பழக்கம். முதல் வண்டிக்கு அந்தப் பயிற்சி ஒரு நாளும் கிடைத்ததில்லை. வாசலுக்கு வரும், நேராக உள்ளே போகும்.

நாக்குச் சத்தம் கேட்டது. இரண்டு மாடும் தலையைத் தாழ்த்தின. வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றது. திரும்ப ஒரு சத்தம். இன்னொரு வண்டி நீளம். கூட்டம் இப்போது சத்தமே போடவில்லை. எல்லாரும் அந்த நாக்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். நானும் என்னை அறியாமல் நாக்கால் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் நிழல் கரைமேல் விழுந்தது. வண்டி ஏறி, கரையின் சமதளத்தில் போய் நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. செஞ்சி ரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் என்னைத் தூக்கினார்கள், சாணி பட்டதும் இறக்கினார்கள். மைக்காரர் என் கடையின் பெயரைத் தொண்டை கட்டும்வரை சொன்னார். மீசைக்காரர் நேராக வந்து தன் கழுத்து மாலையைக் கழற்றி மயிலையின் கழுத்தில் போட்டார். அந்த அம்மா பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தார். நான் கேமராவை வாங்கி அந்தச் சிரிப்பைப் பிடிக்கப் பார்த்தேன். ரோல் தீர்ந்திருந்தது. இன்றைக்கு என்னிடம் அந்த நாளின் அத்தாட்சியாக இருப்பதெல்லாம் தப்பாக நிறுத்திய ஜோடியின் படங்கள்தான். வெளிச்சம் மட்டும் ரொம்பச் சரியாக விழுந்திருக்கிறது.

மாசியில் மல்லாட்டை வரத் தொடங்கியது. முதல் நாள் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வழக்கமான பாசஞ்சரை விட்டு முந்தின பஸ்ஸில் திண்டிவனம் போய் கமிட்டி வாசலில் நின்றேன். வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசை. செஞ்சி ரோட்டிலிருந்து அந்த அம்மாவின் வண்டி கடைசியாகத்தான் வந்தது. முன்னால் நின்ற ஒரு வண்டி ஒதுங்கியது. அடுத்தது ஒதுங்கியது. மீசைக்காரர் கயிற்றைச் சுண்டித் தன் காங்கேயத்தை ஓரமாகத் தள்ளி, "போ தாயி" என்றார். ஒவ்வொருவராக வழி விட, எங்கள் ஜோடி நடுவில் நடந்து, நிற்காமல், வாசலுக்குள் போனது. யாரும் கேட்காமலே கை தட்டினேன். தனியாக.

வெயில் ஏறுவதற்குள் காலி வண்டியோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"டீ சாப்டியா சார்?"

"ஆச்சுக்கா. ஜோரா இருந்துச்சு. வர்ற பொங்கலுக்கு இன்னும் ஒசந்த வெல்வெட்டா எடுத்துடலாம்."

"அதாம் சார் சொல்லணும்னு இருந்தேன். வர்ற வருசத்துக்கு உரக்கடைக்காரரு வந்து கேட்டாரு, நானும் சரின்ட்டேன். கோச்சிக்காத. நீ நல்ல மனுசன், இல்லன்னு சொல்லல. ஆனா மாட்டாண்ட மட்டும் நீ வராத சார்."